அன்னாவா, ரூஃபஸா? இரண்டு ஓசனிச்சிட்டுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சியாட்டில், போர்ட்லண்ட், வான்கூவர் பக்கம் குடியிருந்து பால்கனியில் சர்க்கரைத் தண்ணீர்க் குடுவை தொங்கவிட்டிருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. அங்கே குடுவைக்கு வரும் ஹம்மிங்பேர்டு, அதாவது ஓசனிச்சிட்டு, பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஆண்டு முழுவதும் ஊரைவிட்டு நகராத அன்னா ஒன்று. வசந்தத்தில் வந்து கோடை முடிவதற்குள் மூட்டை கட்டிவிடும் ரூஃபஸ் மற்றொன்று. குளிர்காலம் என்ற ஒரே சிக்கலை இவை நேரெதிரான இரண்டு வழிகளில் சமாளிக்கின்றன. இவற்றுக்கிடையே உள்ள மற்ற வேறுபாடுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கிறது என்பது என் கருத்து.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி என்ன?

நாட்காட்டியைப் பாருங்கள். சியாட்டிலில் டிசம்பரிலோ ஜனவரியிலோ குடுவைக்கு வருவது ஏறக்குறைய நிச்சயமாக அன்னாதான். மார்ச் தொடங்கிக் கோடை வரை இரண்டுமே இருக்கலாம். நிறம், வால், ஒலி என்ற ஆராய்ச்சியெல்லாம் அந்த மாதங்களுக்குத்தான் தேவை. பலர் முதலில் நிறத்தைப் பார்த்துவிட்டுக் குழம்புகிறார்கள். இந்தப் பறவைகளின் நிறத்தை அவ்வளவு எளிதில் நம்பக் கூடாது.

ஏன் நம்பக் கூடாது? சிவப்புக் கழுத்து தெளிவாகத் தெரிகிறதே?

ஒரு கணம் தெரியும். தலையைச் சற்றுத் திருப்பினால் அதே கழுத்து கன்னங்கரேல் என்று ஆகிவிடும். அந்த மினுமினுப்பு சாயத்தால் வருவதில்லை. இறகுக்குள் அடுக்கடுக்காக உள்ள, காற்றுக் குமிழ்கள் நிறைந்த நுண்ணிய மெலனின் தட்டுகளில் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் வருவது. ஒளி விழும் கோணம் மாறினால் நிறமும் மாறும். மேகமூட்டமான நாளில், தூரத்துக் கிளையில் உட்கார்ந்திருக்கும் ஆண் பறவையின் கழுத்து கறுப்பாகத் தெரிந்தால் "இது வேறு இனம்" என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

நல்ல வெளிச்சம் கிடைத்தால் ஆண்களைப் பிரிப்பதில் சிரமமில்லை. ரூஃபஸ் ஆணுக்கு முதுகு, விலா, வால் எல்லாம் செம்பழுப்பு. கழுத்து ஆரஞ்சு கலந்த சிவப்பு, மார்பில் ஒரு வெள்ளைப் பட்டை. அன்னா ஆணுக்கு முதுகு பச்சை, வயிறு சாம்பல். கழுத்தோடு நில்லாமல் தலை உச்சியும் ரோஜாச் சிவப்பில் ஜொலிக்கும். உடம்பில் எங்கும் செம்பழுப்பு கிடையாது.

பெண் பறவைகள்?

இங்கேதான் பொறுமை வேண்டும். இரண்டுக்கும் முதுகு பச்சை, இரண்டுக்கும் கழுத்தின் நடுவில் சிறு சிவப்புப் புள்ளிகள் இருக்கலாம். விலாவையும் வாலின் அடிப்பகுதியையும் பாருங்கள். அங்கே செம்பழுப்புச் சாயல் இருந்தால் ரூஃபஸ், அழுக்கான சாம்பல் பச்சை மட்டும் என்றால் அன்னா. குடுவையின் முன் அந்தரத்தில் நிற்கும்போது வாலை அடிக்கடி விரிக்கும். அந்த நொடிக்காகக் காத்திருங்கள். கைபேசியில் வேகமாகத் தொடர் படம் எடுப்பவர்களுக்கு இது இன்னும் சுலபம்.

உருவத்தில் எது பெரியது?

அன்னா. சுமார் 10 செ.மீ. நீளம், நான்கு கிராமை ஒட்டிய எடை. ரூஃபஸ் 8 செ.மீ. அளவில், மூன்றரை கிராமுக்குப் பக்கத்தில் இருக்கும். இன்றைய நம் இரண்டு ரூபாய் நாணயம் அதைவிடக் கனம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் வேறுபாடு தெரியும். ஆனால் ரூஃபஸ் அதற்கு இடம் கொடுத்தால்தானே!

செம்பழுப்பு நிறம், ஆனால் முதுகு பச்சை. இது எதில் சேர்த்தி?

கலிஃபோர்னியக் கரையோரத்தில் இருக்கிறீர்களா? அப்படியானால் அது ஆலன் என்ற மூன்றாவது இனமாக இருக்கக்கூடும். அது ரூஃபஸின் மிக நெருங்கிய உறவு. ஆலன் ஆணுக்கு முதுகு பச்சை. ஆனால் சில ரூஃபஸ் ஆண்களுக்கும் முதுகில் பச்சை பரவியிருக்கும் என்பதால் வாலின் நடுவிலிருந்து இரண்டாவது இறகைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ரூஃபஸுக்கு அதன் நுனி அருகே ஒரு வெட்டு இருக்கும். பெண்களை வெறும் கண்ணால் பிரிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதியும் ஈபேர்ட் தளத்தில் பதிவு செய்யும்போது "ரூஃபஸ் அல்லது ஆலன்" என்று எழுதவே தனி வழி வைத்திருக்கிறார்கள். தெரியாததைத் தெரியாது என்று பதிவு செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒலியை வைத்துக் கண்டுபிடிக்கலாமா?

நிறத்தைவிட ஒலி நம்பகமானது. அன்னா ஆண் பாடும். இனிமையான பாட்டு என்று சொல்ல மாட்டேன். கரகரவென்று, உலோகத்தைச் சுரண்டுவதுபோன்ற ஒன்று. ஆனால் குளிர்காலத்திலும் இலையற்ற மரத்தின் உச்சிக் கொம்பில் உட்கார்ந்து அதை நெடுநேரம் பாடிக்கொண்டிருக்கும். பாட்டைப் பிறவியிலேயே கொண்டுவராமல் கேட்டுக் கற்கும் பறவைகள் மூன்று கூட்டங்கள் மட்டுமே: கிளிகள், பாடும் பறவைகள், ஓசனிச்சிட்டுகள். மூன்றாவது கூட்டத்துக்கு அன்னா நல்ல சான்று.

ரூஃபஸ் ஆண் இப்படிப் பாடுவதில்லை. அது வருவதைச் சிறகுதான் அறிவிக்கும். பறக்கும்போது சிறகின் முனை இறகுகளிலிருந்து கூர்மையான, உலோக ரீங்காரம் ஒன்று எழும். பழகிய காதுக்குப் பறவையைப் பார்க்கவே தேவையில்லை.

ஆண் பறவை வானத்துக்கு ஏறிச் செங்குத்தாகப் பாய்கிறதே, அது எதற்கு?

பெண்ணைக் கவர்வதற்கு. சில நேரம் எதிரியை மிரட்டுவதற்கும். இந்த விஷயத்தில் அன்னாவைப் பற்றித் தெரிந்திருப்பது அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அன்னா ஆண் 30 மீட்டருக்கும் மேலே ஏறி, அங்கிருந்து தலைகீழாகப் பாயும். தரையை நெருங்கும்போது சட்டென்று வளைந்து மேலேறும். அந்த வளைவின் அடியில் "சிப்" என்று ஒரு வெடிப்பொலி கேட்கும். அது தொண்டையிலிருந்து வருகிறதா, வாலிலிருந்து வருகிறதா என்று நெடுங்காலம் விவாதம் நடந்தது. 2008-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் கிளார்க்கும் தெரேசா ஃபியோவும் அதற்கு விடை தந்தார்கள். வெளிப்புற வால் இறகுகளை நீக்கிய பறவைகள் பாய்ந்தபோது அந்த ஒலி வரவில்லை. அதே இறகை ஆய்வகத்தில் வேகமான காற்றோட்டத்தில் நிறுத்தியபோது அந்தச் சுருதியிலேயே ஒலித்தது. ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் மட்டும் வாலை விரித்து மூடுகிறது. அதில்தான் அந்த ஒலி பிறக்கிறது.

மறு ஆண்டு கிளார்க் வேகத்தையும் அளந்தார். பாய்ச்சலின் உச்சத்தில் அது ஒரு நொடியில் தன் உடல் நீளத்தைப்போல் 385 மடங்கு தொலைவைக் கடக்கிறது. வளைந்து மேலேறும் கணத்தில் உடம்பின் மேல் விழும் விசை புவியீர்ப்பைப்போல் ஒன்பது மடங்கு. போர் விமானிகள் மயங்கிவிழும் அளவு விசை அது.

ரூஃபஸின் பாய்ச்சல் இவ்வளவு உயரத்துக்குப் போகாது. சாய்வாக வந்து, அடியில் திக்கித் திக்கி ஒலிக்கும் ஒரு சத்தத்தோடு முடியும்.

பனி கொட்டும்போதும் அன்னா எப்படிச் சாகாமல் இருக்கிறது?

இரவுதான் அதற்குச் சோதனை. பகலில் அதன் உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். இவ்வளவு சிறிய உடம்பில் அந்த வெப்பத்தை விடியும்வரை காப்பாற்ற வேண்டுமானால் சேர்த்துவைத்த கொழுப்பு போதாது. எனவே குளிரான இரவுகளில் அது மந்தநிலை ஒன்றுக்குள் போய்விடுகிறது. உடல் வெப்பம் சுற்றுப்புறத்தை ஒட்டி, 10 டிகிரிக்கு அருகில்கூட இறங்கும். நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் துடிக்கும் இதயம் ஐம்பது வாக்கில் வந்து நிற்கும். மூச்சு விடுவதே கண்ணுக்குத் தெரியாது. விடியலுக்கு முன் உடம்பை நடுக்கி நடுக்கிச் சூடேற்றிக்கொண்டு எழுந்திருக்கும்.

பகலில் தேனை மட்டும் நம்பி அது வாழ்வதில்லை. கொசு போன்ற சிறு பூச்சிகள், வலையில் உட்கார்ந்திருக்கும் சிலந்திகள், மரங்கொத்தி துளைத்த பட்டையில் கசியும் சாறு என்று கிடைத்ததையெல்லாம் தின்னும். குளிர்காலத்தில் புரதம் அந்தப் பூச்சி, சிலந்திகளிலிருந்துதான் வருகிறது. மழையும் பெரிய தடையில்லை. அந்தரத்தில் நின்றபடியே தலையையும் உடம்பையும் உதறி நீரைச் சிதறடிப்பதை 2012-இல் பெர்க்லி ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் பதிவு செய்தார்கள்.

அன்னா எப்போதும் வடக்கில்தான் இருந்ததா?

இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது தெற்குக் கலிஃபோர்னியாவிலும் அதற்குக் கீழே மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவிலும் மட்டுமே கூடு கட்டிக்கொண்டிருந்தது. மனிதர்கள் கொண்டுவந்து நட்ட ஆஸ்திரேலிய யூகலிப்டஸ் மரங்கள், குளிர்காலத்திலும் பூக்கும் தோட்டச் செடிகள், பிறகு சர்க்கரைத் தண்ணீர்க் குடுவைகள் எல்லாம் சேர்ந்து அதை வடக்கே அழைத்துப்போயின. இன்று வான்கூவரில் அது நிரந்தரக் குடி. 2017-இல் அந்த நகரத்தின் அதிகாரபூர்வப் பறவையாகவே தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டது. வந்தேறி ஒருவர் நகரத்தின் அடையாளமாக ஆனதில், அதே ஊரில் குடியேறிய நம்மவர்களுக்குக் கொஞ்சம் மகிழ்ச்சி இருக்கலாம்.

ரூஃபஸ் மட்டும் ஏன் போகிறது? எங்கே போகிறது?

அதன் கூடுகள் தெற்கு அலாஸ்கா வரை, வட அகலாங்கு 61 டிகிரி வரை இருக்கின்றன. வேறெந்த ஓசனிச்சிட்டும் அவ்வளவு வடக்கே குஞ்சு பொரிப்பதில்லை. குளிர்காலத்தில் அங்கே தங்குவது நினைத்துப் பார்க்க முடியாதது. எனவே மெக்சிகோவுக்குக் கிளம்பிவிடுகிறது. அலாஸ்காவிலிருந்து போகும் பறவைக்கு ஒரு வழிப் பயணமே 6,000 கிலோமீட்டருக்கு மேல். உடல் நீளத்தோடு ஒப்பிட்டால் பறவை உலகின் மிக நீண்ட வலசைகளில் ஒன்று.

போகும் பாதையும் வரும் பாதையும் வேறு வேறு. பிப்ரவரி முதல் மே வரை பசிபிக் கரையோரமாக, ஒவ்வோர் இடத்திலும் அந்தந்த நேரத்தில் பூக்கும் செடிகளைத் தொடர்ந்து வடக்கே ஏறுகிறது. வாஷிங்டன் மாநிலத்தில் ரெட் ஃபிளவரிங் கரண்ட் என்ற காட்டுப் புதர் இளஞ்சிவப்பாகப் பூத்தால் ரூஃபஸ் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். திரும்பும்போது கரையோரத்தில் பூக்கள் முடிந்திருக்கும். மலைகளில்தான் கோடைப் பூக்கள் அப்போது விரியும். ஆகவே ஜூலை, ஆகஸ்டில் ராக்கி மலைத்தொடரின் புல்வெளிகள் வழியாகத் தெற்கே இறங்குகிறது. ஆண்கள் முதலில், பிறகு பெண்கள், கடைசியாக அந்த ஆண்டின் குஞ்சுகள். குஞ்சுகளுக்கு வழிகாட்ட யாரும் கூட வருவதில்லை.

எல்லாப் பறவைகளும் மெக்சிகோவுக்கே போவதுமில்லை. 2010 ஜனவரியில் ஃபுளோரிடாவின் டலஹாசியில் காலில் வளையம் மாட்டப்பட்ட ஒரு பெண் ரூஃபஸ், அதே ஆண்டு ஜூன் இறுதியில் அலாஸ்காவின் செனேகா பே என்ற சிற்றூரில் பிடிபட்டது. இடையே 5,600 கிலோமீட்டருக்கு மேல்.

குடுவைக்காக இவ்வளவு மூர்க்கமாகச் சண்டை போடுகின்றனவே?

அன்னாவும் சாதுவில்லை. ஆனால் ரூஃபஸ் வேறு ரகம். தன்னைவிடப் பெரிய பறவைகளையும் துரத்தும். ஓரிரு நாள் மட்டும் தங்கப்போகும் புல்வெளியிலும் எல்லை போட்டுக் காவல் காக்கும்.

அதற்குப் பேராசை என்று பெயர் வைப்பது நியாயமில்லை. பயணத்தின் நடுவில் மூன்று கிராம் சொச்சமாக வந்திறங்கும் பறவை சில நாளில் ஐந்து கிராமை நெருங்கும் அளவுக்குக் கொழுப்பேற்றிக்கொண்டு அடுத்த கட்டத்துக்குக் கிளம்ப வேண்டும். கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் நடந்து 1983-இல் வெளியான ஓர் ஆய்வில், பறவை வந்து உட்காரும் கொம்பிலேயே தராசு பொருத்தி எடை பார்த்தார்கள். அது தன் பூக்களின் எல்லையை நாளுக்கு நாள் கூட்டியும் குறைத்தும், எடை மிக வேகமாக ஏறும் அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்தியது.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி, வீட்டின் வேறு வேறு பக்கங்களில் இரண்டு மூன்று குடுவைகளைத் தொங்கவிடுங்கள். ஒரு பறவையால் எல்லாவற்றையும் காவல் காக்க முடியாது.

போன ஆண்டு குடுவை இருந்த இடத்தில் வந்து தேடுகிறது. உண்மையிலேயே நினைவிருக்குமா?

இருக்கும். ரூஃபஸின் நினைவாற்றல் பற்றிக் கனடாவின் ராக்கி மலைகளில் தொடர்ந்து ஆய்வு நடந்திருக்கிறது. 2006-இல் வெளியான சோதனை ஒன்றில் எட்டுச் செயற்கைப் பூக்களை வைத்தார்கள். சிலவற்றை 10 நிமிடத்துக்கு ஒருமுறையும் மற்றவற்றை 20 நிமிடத்துக்கு ஒருமுறையும் நிரப்பினார்கள். எந்தப் பூ எவ்வளவு நேரத்தில் நிரம்பும் என்பதைப் பறவைகள் பிடித்துக்கொண்டு, அந்தந்தக் கணக்குக்கு ஏற்பத் திரும்பி வந்தன. இத்தனைக்கும் அதன் மூளை மிகச் சிறியது.

கூடு கட்டுவதில் வேறுபாடு உண்டா?

அடிப்படையில் இல்லை. இரண்டிலும் பெண்தான் தனியாகக் கூடு கட்டி, இரண்டு முட்டையிட்டு, குஞ்சுகளை வளர்க்கிறது. ஆணுக்கு அதில் பங்கில்லை. பஞ்சு போன்ற செடி இழைகளைச் சிலந்தி நூலால் பிணைத்து, வெளியே பாசிப்பூஞ்சைத் துணுக்குகளை ஒட்டி மறைக்கும். சிலந்தி நூல் இழுபடும் என்பதால் குஞ்சுகள் வளர வளரக் கூடும் விரிந்துகொடுக்கும்.

நேரம்தான் வேறு. கலிஃபோர்னிய அன்னா டிசம்பரிலேயே தொடங்கிவிடும். ஓர் ஆண்டில் இரண்டு மூன்று முறை குஞ்சு பொரிக்க அதற்கு அவகாசம் இருக்கிறது. ரூஃபஸுக்கு ஏப்ரல் முதல் ஜூலை வரைதான். அதற்குள் முடித்துக் கிளம்ப வேண்டும்.

சர்க்கரைத் தண்ணீரை எப்படிக் கலப்பது? இரண்டுக்கும் ஒன்றேவா?

ஒன்றேதான். ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, நான்கு பங்கு தண்ணீர். நம் சமையலறை வழக்கப்படி "இயற்கையானது நல்லது" என்று நாட்டுச் சர்க்கரையோ வெல்லமோ பனங்கற்கண்டோ போட்டுவிடாதீர்கள். அவற்றிலுள்ள இரும்பு முதலியவை இந்தப் பறவைகளுக்குத் தீங்கு. தேன் சேர்த்தால் பூஞ்சை வேகமாக வளரும். சிவப்புச் சாயமும் வேண்டாம், குடுவையில் சிவப்பு இருந்தாலே போதும். வெயில் காலத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறையும் குளிரில் நான்கைந்து நாளுக்கு ஒருமுறையும் வெந்நீரில் கழுவி மாற்றுங்கள்.

குடுவையை எடுக்காவிட்டால் ரூஃபஸ் போகாமல் தங்கிவிடும் என்கிறார்களே?

தங்காது. பகல் நேரம் குறைவதுதான் அதைக் கிளப்புகிறது. உங்கள் சர்க்கரைக்கு அந்த வலிமை கிடையாது. அதோடு, குடுவையை எடுத்துவிட்டால் நவம்பரில் ஏமாறுவது அன்னாதான். தண்ணீர் உறையும் நாட்களில் இரவு உள்ளே எடுத்துவைத்து, விடிவதற்கு முன் மறுபடி மாட்டுங்கள்.

இரண்டில் எது ஆபத்தில் இருக்கிறது?

ரூஃபஸ். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018-இல் அதை "அச்சுறுத்தலை நெருங்கும்" இனமாக மாற்றி வகைப்படுத்தியது. அன்னாவின் எண்ணிக்கையோ ஏறிக்கொண்டிருக்கிறது.

இதில் வியப்பில்லை. அன்னாவுக்குத் தேவை ஒரே ஒரு நல்ல சுற்றுவட்டாரம், அதை நம் தோட்டங்களே கொடுத்துவிடுகின்றன. ரூஃபஸுக்கோ மெக்சிகோவின் மலைக்காடுகள், கலிஃபோர்னியாவின் வசந்தப் பூக்கள், அலாஸ்காவின் காட்டோரங்கள், ராக்கி மலைப் புல்வெளிகள் எல்லாமே சரியான வாரத்தில் சரியாக இருக்க வேண்டும். வெப்பநிலை மாறிப் பூக்கள் முன்கூட்டியே பூத்து முடிந்தால் பறவை வரும்போது பந்தி எடுத்தாகிவிட்டிருக்கும். பூச்சிக்கொல்லிகள் மேலும் சந்தேகம் இருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபிரேசர் பள்ளத்தாக்கில், புளூபெரி தோட்டங்களை ஒட்டி வாழும் ஓசனிச்சிட்டுகளின் கழிவில் நியோநிகோட்டினாய்டு வகை மருந்தின் தடயம் கண்டறியப்பட்டது. குடுவை ஒன்றைக் கூடுதலாகத் தொங்கவிடுவதைவிட, மருந்தடிக்காமல் நாட்டுச் செடிகள் நான்கை நடுவது ரூஃபஸுக்கு அதிகம் உதவும் என்பேன்.

விடுமுறைக்குத் தமிழ்நாட்டுக்குப் போனால் இவற்றைப் பார்க்க முடியுமா?

முடியாது. ஓசனிச்சிட்டுகள் இன்று அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கின்றன. செம்பருத்தியில் தொங்கியபடி தேன் குடிக்கும் நம் ஊதாத் தேன்சிட்டு வேறு குடும்பம். ஒரே தொழிலைச் செய்ததால் அலகு ஒரேமாதிரி ஆகிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் ஜெர்மனியில் கிடைத்த சுமார் மூன்று கோடி ஆண்டுப் பழைமையான புதைபடிவங்கள் ஓசனிச்சிட்டு வகையைச் சேர்ந்தவை என்று 2004-இல் தெரியவந்தது. ஒரு காலத்தில் இவை அட்லாண்டிக்குக்கு ஐரோப்பாப் பக்கமும் இருந்திருக்கின்றன.

காலையில் குடுவையைப் பிடித்தபடி தலைகீழாகத் தொங்குகிறது, அசையவில்லை. இறந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. மந்தநிலையிலிருந்து முழுதாக விழிக்காத பறவையாக இருக்கும். தொடாதீர்கள், வீட்டுக்குள் கொண்டுவந்து சூடேற்றாதீர்கள். பூனையை மட்டும் உள்ளே அடைத்துவிட்டுக் காத்திருங்கள். வெயில் ஏறியதும் பெரும்பாலும் தானாகவே பறந்துவிடும். கீழே விழுந்து கிடந்தாலோ, நன்றாக வெயில் வந்தும் எழுந்திருக்கவில்லை என்றாலோ, காற்றுத் துளையிட்ட சிறு அட்டைப் பெட்டியில் துணி விரித்து வைத்துவிட்டு அருகிலுள்ள வனவிலங்கு மீட்பு மையத்தைத் தொலைபேசியில் அழையுங்கள்.